ஏழையின் வயிறு எழுதிப் பழகும் சிலேட்டா?

பொழுது புலருமுன்பே மார்க்கெட்டிலே லாரி வந்து நிற்கிறது. மூட்டைகள் இறங்குகின்றன. ஒருவர் தலையிலே, ஒருவர் தோளிலே, ஒருவர் முதுகிலே. அந்த வரிசையிலே நாற்பது வயதுத் தோழர் ஒருவர் நிற்கிறார். மூட்டையை ஏற்றிக் கொள்ளுமுன் ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக் கொள்கிறார். என்ன என்று கேட்டால், "ஒன்றுமில்லை அண்ணே, பழைய கோளாறு" என்கிறார். வேட்டிக்கு உள்ளே ஒரு பெல்ட்டு. பெல்ட்டுக்கு உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் மறைகிறது, எழுந்து நின்றால் இறங்குகிறது, இருமினால் துருத்துகிறது. வெளியே சொல்ல வெட்கம். சொன்னால் மேஸ்திரி வேலை தரமாட்டாரோ என்ற அச்சம். ஆப்பரேஷன் என்றால் எத்தனை நாள் கூலி போகுமோ என்ற கவலை.

இப்படிப்பட்ட தோழர்கள் நம்மிடையே எத்தனை பேர்! துறைமுகத்திலே உண்டு, ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலே உண்டு, செங்கல் சூளையிலே உண்டு, நம்முடைய சங்கக் கூட்டத்திலே பின்வரிசையிலே உட்கார்ந்திருப்பவரிலும் உண்டு.

குடலிறக்கம் என்று நாம் சொல்வது, ஹெர்னியா என்று டாக்டர்கள் எழுதுவது - இந்தக் கோளாறைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறோம். அரசியல் ஏட்டிலே அடிவயிற்றுக் கோளாறுக்கு என்ன வேலை என்று சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும்! உழைப்பவனுக்கு உடம்புதான் முதல். அந்த முதல் கிழிந்து போனால் அதைத் தைப்பவர் யார், அவருக்குத் தைக்கக் கற்றுக் கொடுத்தவர் யார், எப்படிக் கற்றுக் கொடுத்தார் என்று கேட்பது அரசியல் அல்லாமல் வேறென்ன?

டயரும் ட்யூபும்

கோளாறு என்னவென்று முதலில் விளங்கிக் கொள்வோம். சைக்கிள் டயர் ஓரிடத்தில் நைந்து விட்டால் உள்ளே இருக்கும் ட்யூப் அந்த வழியே பிதுங்குகிறதல்லவா? வயிற்றின் சுவரும் ஒரு டயர்தான். தசையும் நாரும் அடுக்கடுக்காகச் சேர்ந்த சுவர் அது. அதிலே இயற்கையாகவே சில மெலிந்த இடங்கள் உண்டு. ஆண்களுக்குத் தொடை இடுக்கிலே, குழந்தை கருவிலிருக்கும்போது விரை கீழே இறங்கிய பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதை பிற்காலத்தில் இளகிக் கொடுத்தால் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்போ குடலோ வெளியே தலை நீட்டுகிறது. தொப்புளிலும் வரும். முன்பு வயிற்றிலே ஆப்பரேஷன் செய்த தழும்பிலும் வரும். ஆகையால் இது ஆண்களுக்கு மட்டும் உரிய கதையன்று, நம் வீட்டுத் தாய்மார்களுக்கும் உரிய கதை.

அபூர்வமான நோயா இது? இல்லை. ஆண்களிலே 100க்கு 27 பேருக்குக் குறையாமல் வாழ்நாளில் ஒருமுறையேனும் தொடை இடுக்கிலே இது வருகிறது. பெண்களிலே 100க்கு 3 பேருக்கு. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் 2 கோடிப் பேருக்கு மேல் இதற்காக அறுவை சிகிச்சை நடக்கிறது என்று 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறி சொல்கிறது.

பாரம் தூக்குவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? பிறவி அமைப்பும் வயதும் பெரும் காரணங்கள் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் டென்மார்க்கு நாட்டிலே தொழிலாளர்களின் வேலைக் குறிப்பையும் மருத்துவமனைக் குறிப்பையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வு, நாள் முழுதும் நின்று நடந்து உழைப்பவர்களுக்கும் நாள்தோறும் பெரும் பாரம் தூக்குபவர்களுக்கும் ஒரு வகைத் தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்காக ஆப்பரேஷன் செய்து கொள்ள வேண்டிய நிலை கூடுதலாக வருகிறது என்று காட்டியது. ஒரு மனிதன் தூக்கக் கூடிய சுமை 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது சும்மா அல்ல.

ஒன்றை மட்டும் ஒவ்வொரு தோழரும் மனத்திலே பதித்துக் கொள்ள வேண்டும். தொல்லை தராத சிறு புடைப்பை உடனே அறுத்தாக வேண்டும் என்பதில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டுக் காத்திருக்கலாம். ஆனால் உள்ளே போய்க் கொண்டிருந்த புடைப்பு ஒருநாள் போகாமல் நின்று, கல்லாகி, வலி எடுத்து, வாந்தியும் வந்தால் - குடல் நெரிபடுகிறது என்று பொருள். அப்போது கை வைத்தியம் கூடாது, விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அந்த இரவே ஆஸ்பத்திரி! தாமதித்தால் குடல் அழுகும், உயிர் போகும்.

மருந்தில்லை, மாத்திரையில்லை; கைதான்!

காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு. மாத்திரை கொடுக்கும் கை நடுங்கினாலும் மாத்திரை தன் வேலையைச் செய்யும். குடலிறக்கம் அப்படியல்ல. இதற்கு மருந்தும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. பெல்ட்டு கட்டினால் அமுங்கியிருக்குமே தவிர ஆறாது. கிழிந்த சுவரைத் தைக்க வேண்டும், அல்லது அதன்மேல் வலை ஒன்றை வைத்துப் பொருத்த வேண்டும். தைக்கும் கை தேர்ந்த கையா, தேராத கையா என்பதிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

தேராத கை என்ன செய்யும்? புடைப்பு திரும்பி வரும். அது ஒன்று. இன்னொன்று இருக்கிறது, அதைப் பலர் பேசுவதில்லை. தொடை இடுக்கிலே மூன்று மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அவை எங்கே ஓடுகின்றன என்று அறியாமல் ஊசி போட்டால், தையலிலே நரம்பு சிக்கும். காயம் ஆறும், வலி ஆறாது. மூட்டை தூக்கக் குனியும்போதெல்லாம் சுளீர் என்று இழுக்கும். இந்த ஆப்பரேஷன் செய்து கொண்டவர்களில் 100க்கு 10 முதல் 12 பேர் வரை நீடித்த வலி ஏதோ ஓர் அளவிலே அனுபவிக்கின்றனர் என்று அந்த 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறியே ஒப்புக் கொள்கிறது. வலிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் நரம்பை அடையாளம் கண்டு காப்பது கற்றுக் கொடுத்தால் வரக் கூடிய வித்தை.

கரிபால்டியின் வீரர் சொல்லித் தந்தது

இத்தாலி விடுதலைக்காகப் போராடிய கரிபால்டியை நம் தோழர்கள் அறிவர். மேடைகளிலே எத்தனை முறை கேட்டிருப்போம்! அந்த இயக்கத்து இளைஞர்களிலே ஒருவர் எடோர்டோ பஸ்ஸீனி. 1867இல் ரோம் நகருக்கு வெளியே நடந்த சண்டையிலே துப்பாக்கி முனைக் கத்தி அவருடைய அடிவயிற்றிலே பாய்ந்தது. சிறைப்பட்டார். குடல் கிழிந்த காயம் ஆறாமல் நெடுநாள் துன்புற்றார். பிழைத்தெழுந்தவர், பிற்காலத்தில் பாதுவா நகரத்துப் பல்கலைக் கழகத்தில் அறுவைப் பேராசிரியரானார். அவருக்கு முன் குடலிறக்கத்தைத் தைத்தவர்கள் பலர். ஆனால் தைத்தவற்றில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் மீண்டும் பிதுங்கியது. பஸ்ஸீனிதான் பாதையின் பின்சுவரைத் திறந்து, அடுக்குகளைச் சேர்த்து, பட்டு நூலால் புதுச் சுவர் எழுப்பும் முறையைக் கண்டு 1887இல் அறிவித்தார். நோயாளிகளை அனுப்பிவிட்டு மறந்து விடவில்லை. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, எத்தனை தையல் நின்றது, எத்தனை தோற்றது என்று எண்ணிக் கணக்குக் காட்டினார்.

பிறகு நடந்ததுதான் பாடம். முறை உலகெங்கும் பரவியது. பெயர் பரவியது, கை பரவவில்லை! பின்சுவரைத் திறந்து பார்க்கும் முக்கியமான கட்டத்தைப் பலர் விட்டுவிட்டு, மேலோட்டமாகத் தைத்துவிட்டு, "பஸ்ஸீனி முறை" என்றே பெயர் சூட்டினர். பாதுவாவிலே நின்ற தையல் பிற ஊர்களிலே நிற்கவில்லை. "பஸ்ஸீனி முறையே சரியில்லை" என்று பழி பஸ்ஸீனிமேல் விழுந்தது. பொறுக்க முடியாத அவருடைய மாணவர் கட்டெரினா என்பவர், ஆசான் உண்மையில் செய்தது என்ன என்பதைக் கட்டம் கட்டமாகப் படம் வரைவித்து 1930களில் நூலாக வெளியிட வேண்டியிருந்தது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? கைத்தொழில் காதால் கேட்டு வருவதன்று. ஏட்டைப் படித்து வருவதுமன்று. கொத்தனார் மட்டப்பலகை பிடிக்கக் கற்பது மேஸ்திரியின் பக்கத்திலே நின்று. தறிக்காரர் அறுந்த இழையை முடியக் கற்பது முன்னவர் விரலைப் பார்த்து. பார்த்துச் செய்து, செய்ததைத் தேர்ந்தவர் பார்த்துத் திருத்தி, திருத்தியதை மறுபடி செய்து - இப்படித்தான் கை தேறும். சர்ஜனின் கையும் உழைப்பாளியின் கைதான்.

டொராண்டோ நகரத்து அதிசயம்

கனடா நாட்டு டொராண்டோவிலே எட்வர்டு ஏர்ல் ஷோல்டைஸ் என்றொரு டாக்டர். இரண்டாம் உலகப் போரின்போது, படையிலே சேர வந்த இளைஞர்களிலே பலர் குடலிறக்கம் காரணமாகத் திருப்பி அனுப்பப்படுவதைக் கண்டார். அவர்களுக்கு ஆப்பரேஷன் செய்து அனுப்பத் தொடங்கினார். 1945இல் குடலிறக்கத்துக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி திறந்தார். வேறு எந்த நோயும் அங்கே பார்ப்பதில்லை.

அமெரிக்க டாக்டரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே அங்கே சென்று பார்த்து எழுதியது 2002இல் வெளியான அவருடைய நூலிலே இருக்கிறது. அங்குள்ள டாக்டர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 600 முதல் 800 வரை குடலிறக்கம் தைத்தனர். பிற இடங்களில் ஒரு சர்ஜன் வாழ்நாள் முழுதும் செய்வதைவிட அது அதிகம். திரும்பி வருவது 100க்கு 1 மட்டுமே. அதைவிட வியப்பு ஒன்றுண்டு. அவர் கண்ட டாக்டர்களிலே மூவர் பொது அறுவைப் படிப்பை முடித்தவர்களே அல்லர்! ஒருவர் குடும்ப டாக்டராக இருந்தவர். ஒருவர் பிரசவ டாக்டர். ஓராண்டு போலத் தேர்ந்தவர் பக்கத்திலே நின்று கற்ற பிறகு, உலகின் சிறந்த கைகளிலே அவர்களுடையவையும் சேர்ந்தன.

உடல் எடை மிகுந்தவர்களை எடை குறைத்து வரச் சொல்லி எடுத்துக் கொள்ளும் ஆஸ்பத்திரி அது. ஆகவே அதன் கணக்கை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது என்பதையும் சொல்லி விடுகிறோம். ஆனால் அடிப்படை மாறவில்லை. ஒரே முறை, ஒரே ஒழுங்கு, ஆசான் பக்கத்திலே, செய்ததற்குக் கணக்கு - இவை சேர்ந்தால் கை தேறுகிறது.

கணக்கு பேசட்டும்

"இதெல்லாம் கதை, ஆதாரம் என்ன?" என்று கேட்பவர் உண்டு. கேட்க வேண்டியதுதான்.

அமெரிக்காவிலே முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளிலே நடந்த பெரிய ஆய்வு 2004இல் வெளியாயிற்று. வயிற்றிலே சிறு துளைகள் போட்டு, கேமராக் குழாய் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆப்பரேஷனையும், பழைய திறந்த முறையையும் ஒப்பிட்டனர். இரண்டு ஆண்டுக்குள் லேப்ராஸ்கோப்பியில் 100க்கு 10 பேருக்கு மீண்டும் வந்தது. திறந்த முறையிலே 100க்கு 5 பேருக்குத்தான். அப்படியானால் புது முறை மோசமா? பொறுங்கள்! 250க்கு மேல் அந்த ஆப்பரேஷனைச் செய்திருந்த டாக்டர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, அவர்கள் கையிலே அதுவும் 100க்கு 5 ஆகக் குறைந்தது. கருவியும் அதே, முறையும் அதே, பழக்கம்தான் வேறு.

இன்னொரு கணக்கு. ஆலந்து நாட்டிலே 560 நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்டது. வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறந்து மூடும்போது, 1 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பெரிய தையல் போடுவதா, அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சின்னத் தையல் போடுவதா என்று பார்த்தார்கள். பெரிய தையல் போட்டவர்களில் ஓராண்டுக்குள் 100க்கு 21 பேருக்குத் தழும்பிலே குடலிறக்கம். சின்னத் தையல் போட்டவர்களில் 13 பேருக்கு. கோடி ரூபாய் இயந்திரம் தேவைப்படவில்லை. சில நிமிடப் பொறுமையும், நெருக்கமாகத் தைக்கும் பழக்கமும் போதுமானதாக இருந்தன. நம்முடைய தையற்காரத் தோழர் யாரைக் கேட்டாலும், நெருங்கிய தையல் நிற்கும் என்று அவரே சொல்லியிருப்பார்!

யார் வயிற்றிலே பழகுவது?

இப்போது கசப்பான கேள்விக்கு வருவோம். லேப்ராஸ்கோப்பியிலே கை தேற 50 முதல் 100 ஆப்பரேஷன்கள் வேண்டும், அதிலும் முதல் 30 முதல் 50 வரைதான் அபாயமானவை என்று அந்தச் சர்வதேச நெறி கூறுகிறது. சரி. அந்த முதல் முப்பது பேர் யார்?

சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணம் படைத்தவர் தேர்ந்த கையைத் தேடிப் போவார். பெயரைக் கேட்டு, விசாரித்து, கட்டணம் கட்டி, பெரிய டாக்டரே செய்ய வேண்டும் என்று நிபந்தனை போடுவார். இலவச வார்டிலே பாய் விரித்துப் படுத்திருப்பவர் அப்படிக் கேட்க முடியுமா? மருத்துவக் கல்லூரி என்பது உலகெங்கும் ஏழைகளின் ஆஸ்பத்திரியோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. கற்கும் கை ஏழையின்மேல். கற்றுத் தேர்ந்த கை செல்வர்மேல். இதுதான் நெடுங்காலத்து ஏற்பாடு.

"அப்படியானால் அரசு ஆஸ்பத்திரியிலே இளம் டாக்டர்கள் கை வைக்கவே கூடாது என்கிறீர்களா?" என்று கேட்பர். இல்லை! ஆயிரம் முறை இல்லை! இன்றைய இளம் டாக்டர் கற்காவிட்டால் நாளைக்கு நம் பிள்ளைக்கு ஆப்பரேஷன் செய்ய ஆளிருக்காது. அதோடு, இரவும் பகலும் டியூட்டி பார்த்து, தூங்காத கண்ணோடு தியேட்டரிலே நிற்கும் அந்த இளைஞரும் ஓர் உழைப்பாளிதான். அவர்மேல் நமக்குக் கோபம் இல்லை. கற்கட்டும் என்கிறோம். ஆனால் முறையோடு கற்கட்டும் என்கிறோம். ஏழையின் வயிறு எழுதிப் பழகும் சிலேட்டு அல்ல. தப்பாக எழுதினால் அழித்து எழுத முடியாது.

முறை என்றால் என்ன? அதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலே 50 பயிற்சி டாக்டர்களை இரு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறு வழக்கம்போல் நேரே தியேட்டருக்குச் சென்று ஆசானோடு சேர்ந்து கற்றது. மற்றொரு கூறு, முதலில் செயற்கையாகச் செய்த மாதிரி வயிற்றிலே, குறித்த தேர்ச்சி வரும் வரை பழகிய பிறகே நோயாளியிடம் வந்தது. 2011இல் முடிவு வெளியாயிற்று. ஆப்பரேஷன் நடக்கும்போதே நேர்ந்த கோளாறுகள் முதற்கூறிலே 100க்கு 29. மாதிரியிலே பழகி வந்த கூறிலே 7. ஆப்பரேஷன் நேரமும் குறைந்தது. முதல் தப்புகள் ரப்பர் வயிற்றிலே நடந்து முடிந்துவிட்டன. மனித வயிறு தப்பியது!

செருமனி நாட்டிலே 2011 முதல் குடலிறக்கத்துக்கென்றே ஒரு பள்ளி நடத்துகிறார்கள். வயிற்றுச் சுவரின் அமைப்பு, ஸ்கேன் பார்த்தல், தேர்ந்தவர் செய்வதைப் பார்த்தல் என்று படிப்படியாகச் சொல்லித் தருகிறார்கள். ஸ்வீடன் நாடு 1992 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. குடலிறக்க ஆப்பரேஷன் செய்தது எங்கே, எந்த முறையிலே, மறுபடி அறுக்க நேர்ந்ததா என்று எழுதி வைக்கிறார்கள். தன் தையல் நின்றதா என்று அறிந்த டாக்டர் தன்னைத் திருத்திக் கொள்கிறார். தொடக்க ஆண்டுகளிலேயே மறு ஆப்பரேஷன்கள் குறையத் தொடங்கின.

ஆப்பிரிக்கா தந்த பாடம்

"அதெல்லாம் பணக்கார நாடு. நம்மைப் போன்ற ஏழை நாட்டிலே நடக்குமா?" என்பது அடுத்த கேள்வி. நம்மைவிட ஏழ்மையான நாடுகளே பதில் சொல்லியிருக்கின்றன.

முதலில் பொருளைப் பார்ப்போம். தைக்கும் இடத்தில் வைக்கும் வலையைக் கம்பெனிகள் விற்கும் விலை ஏழை நாட்டுக்குக் கட்டாது. மராட்டிய மாநிலத்துத் தோண்டாய்ச்சா என்ற சிற்றூரிலே பணியாற்றிய டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கொசுவலைத் துணியும் ஏறக்குறைய அதே வகை நூல்தானே என்று எண்ணி, அதைத் துண்டு போட்டு, கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். 359 குடலிறக்கங்களிலே பார்த்த அனுபவத்தை 2003இல் வெளியிட்டார். பிறகு உகாண்டா நாட்டிலே 302 ஆண்களிடம் கம்பெனி வலையையும் மலிவான கொசுவலைத் துணியையும் ஒப்பிட்டு 2016இல் முடிவு சொன்னார்கள். ஓராண்டுக்குப் பின் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! ஆக, வலை மலிவு. கைதான் அருமை.

கை விஷயம் என்னவாயிற்று? கானா நாட்டிலே, சர்ஜன் பட்டம் பெறாத பொது டாக்டர்களுக்கு இந்த ஓர் ஆப்பரேஷனை முறையாகக் கற்பித்தார்கள். அவர்கள் செய்ததையும் சர்ஜன்கள் செய்ததையும் ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். ஓராண்டிலே திரும்பி வந்தது பொது டாக்டர்களிடம் 100க்கு 1க்கும் குறைவு. சர்ஜன்களிடம் 100க்கு 3க்குச் சற்றுக் குறைவு. பொது டாக்டர்கள் சளைக்கவில்லை.

சியாரா லியோன் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பத்தாண்டுக்கு மேல் உள்நாட்டுப் போர் கிழித்துப் போட்ட நாடு அது; சர்ஜன்களை விரல்விட்டு எண்ணலாம். அங்கே டாக்டர் பட்டமே இல்லாத மருத்துவ அலுவலர்களை எடுத்து அறுவைப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு, வலை வைத்துத் தைக்கும் முறையை அவர்களுக்கும் டாக்டர்களுக்கும் ஒன்றுபோலச் சொல்லிக் கொடுத்து, ஒப்பிட்டு, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டம் இல்லாதவர்கள் செய்ததிலே ஓராண்டில் ஒருவருக்கு மட்டும் திரும்பி வந்தது. டாக்டர்கள் செய்ததிலே ஏழு பேருக்கு.

இதனால் பட்டம் பயனற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அறிவீனம். சிக்கலான வயிறு வந்தால் முழுப் படிப்பும் வேண்டும். அந்த அலுவலர்களும் நேற்று வந்து இன்று கத்தி பிடித்தவர்கள் அல்லர். தேர்வு வைத்து, மேற்பார்வையிலே செய்வித்து, ஒழுங்காக உருவாக்கப்பட்டவர்கள். நாம் சொல்வது இதுதான்: தேர்ந்த கை பிறவிச் சொத்தல்ல, குலச் சொத்தல்ல, பணக்கார நாட்டின் தனிச் சொத்துமல்ல. ஒழுங்காகக் கற்றுக் கொடுத்தால் எந்த மண்ணிலும் அது முளைக்கும். கற்றுக் கொடுக்காவிட்டால் எந்தப் பட்டத்தோடும் அது வராது.

நாம் கேட்பது என்ன?

நம் நாட்டிலே பொது அறுவை முதுகலைப் படிப்பு மூன்றாண்டு. எத்தனை பார்த்தோம், எத்தனை செய்தோம் என்று மாணவர் பதிவேட்டிலே குறிக்க வேண்டும் என்பது விதி. மாவட்ட ஆஸ்பத்திரியிலே மூன்று மாதம் பணி புரிய வேண்டும் என்றும் விதி செய்திருக்கிறார்கள். நல்ல விதிகள்தாம், வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பதிவேடு, செய்த எண்ணிக்கையைச் சொல்லும். தைத்தது நின்றதா என்று சொல்லாது. ஆகவே நாம் கேட்பவை இவை:

முதலாவது: அரசு மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் மாதிரி வயிறு வைத்த பயிற்சி அறை வேண்டும். அதிலே தேறிய பிறகே நோயாளியின்மேல் கத்தி வைக்க வேண்டும்.

இரண்டாவது: இத்தனை பார்த்து, இத்தனைக்கு உதவி செய்து, இத்தனையை ஆசான் பக்கத்திலிருக்கச் செய்த பிறகே தனியாக என்று கணக்கு வேண்டும். ஆசான் பக்கத்திலிருந்தார் என்பது கையெழுத்திலே மட்டும் இருந்தால் போதாது; தியேட்டரிலே இருக்க வேண்டும்.

மூன்றாவது: ஆப்பரேஷன் செய்து கொண்டவரை ஓராண்டு கழித்துக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டெலிபோன் போதும். திரும்பி வந்ததா, வலி உண்டா, வேலைக்குப் போகிறாரா என்ற மூன்று கேள்வி போதும். அதை ஏட்டிலே எழுத வேண்டும். கற்றவருக்கும் கற்பித்தவருக்கும் காட்ட வேண்டும்.

நான்காவது: தாலுகா ஆஸ்பத்திரியிலே தனியாகக் கிடந்து உழைக்கும் சர்ஜனைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்; தேர்ந்தவர்கள் அங்கே சென்று கூட நின்று செய்யவும் வேண்டும்.

ஐந்தாவது: "உங்களுக்கு இன்னார் ஆப்பரேஷன் செய்வார், இன்னார் மேற்பார்வை செய்வார்" என்று நோயாளிக்கு அவர் மொழியிலே சொல்ல வேண்டும். சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்பது வீண் அச்சம். லாரி ஓட்டக் கற்பவன் பக்கத்திலே மூத்த டிரைவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எந்தத் தொழிலாளியும் பயப்படுவதில்லை. யாரும் இல்லாமல் ஓட்டினால்தான் பயப்படுகிறான்.

பணத்துக்கு எங்கே போவது என்பர். தோற்ற தையல் ஒன்றுக்கு என்ன செலவு என்று கணக்குப் போட்டதுண்டா? மறுபடி ஒரு படுக்கை, மறுபடி ஒரு தியேட்டர் நேரம், முதல் முறையைவிடச் சிக்கலான ஆப்பரேஷன். அது அரசின் செலவு. மூட்டை தூக்கும் தோழரின் செலவு வேறு. கூலி இல்லாத நாட்கள், மளிகைக் கடைக் கடன், பள்ளியிலிருந்து நின்று வேலைக்குப் போகும் பிள்ளை. இந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆகவே அது இல்லை என்று நினைக்கிறார்கள்.

ஒரு காலத்திலே அரசு ஆஸ்பத்திரியைத் தர்ம ஆஸ்பத்திரி என்றார்கள். தர்மமாம்! யார் யாருக்குச் செய்யும் தர்மம்? நாம் வாங்கும் தீப்பெட்டியிலிருந்து சோப்புக் கட்டி வரை வரி கொடுக்கிறோம். அந்த வரியிலே நடக்கும் ஆஸ்பத்திரி நம்முடையது. தர்மம் வாங்குபவன் கிடைத்ததை வாங்கிக் கொண்டு போக வேண்டும். உரிமை உள்ளவன் தரம் கேட்பான். நாம் தரம் கேட்கிறோம்.

தோழர்களே! அடுத்த சங்கக் கூட்டத்திலே போனசும் படியும் பேசி முடித்த பிறகு, இதையும் ஐந்து நிமிடம் பேசுங்கள். அடிவயிற்றிலே புடைப்பு உள்ள தோழர் வெட்கப்படாமல் சொல்லட்டும். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல ஒருவர் உடன் போகட்டும். போகும்போது டாக்டரிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, இதை யார் செய்வார்கள்? பக்கத்திலே யார் இருப்பார்கள்?" நல்ல டாக்டர் அந்தக் கேள்வியை வரவேற்பார், நம்மோடு சேர்ந்து அவரும் அரசைக் கேட்பார். பஸ்ஸீனி தன் தையல்களுக்குத் தானே கணக்குக் காட்டியது 19ஆம் நூற்றாண்டிலே. 21ஆம் நூற்றாண்டிலே நம் ஆஸ்பத்திரிகள் அந்தக் கணக்கைக் காட்டட்டும். நாளைக் காலையிலும் மார்க்கெட்டிலே லாரி வந்து நிற்கும். அந்தத் தோழர் அடிவயிற்றை அழுத்திக் கொண்டு மூட்டையைத் தூக்குவார். அவருக்குத் தேர்ந்த கை கிடைக்க வேண்டும். கிடைக்கும் வரை கேட்போம்.